கை சொன்ன வாக்கு

தப்பு மேளச் சத்தம் என் காதுக்கு வருவதற்கு முன்னால் முதுகுக்கு வந்துவிடும். கோயில் வாசலில் சருகையும் பழைய கடதாசியையும் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சும் மணம் படிக்கட்டு வழியாக ஏறி எங்கள் வரிசை வீடுகளுக்குள் நுழையும்போதே, இதோ விழப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை, முதல் அடி விழுந்த கணத்தில் என் கைகள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் பறக்கும், முதுகு வில்லாக வளையும், தலை பின்னால் சாயும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். எதிர்பார்த்துக் காத்திருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினாலும் எனக்கு இதே கதைதான். ஆனால் தும்மலுக்கு யாரும் கற்பூரம் ஏற்றுவதில்லை.

கண்டி நகரத்தின் விளிம்பில், மஹய்யாவப் பகுதியில், மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா மாநகர சபையில் துப்புரவு வேலை பார்த்தார். அம்மா டவுனில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், நான் பிறந்த பிறகு நின்றுவிட்டாள். எனக்கு மூத்தவன் ஒரு அண்ணன். எனக்கு ஏழு வயது நடந்த ஆடி மாதத்தில், கொஞ்ச காலம் நான் அம்மனாக இருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு கந்தோரில் சில மாதம் வேலை செய்து விலகியவர்கள் அந்த வேலையைப் பற்றிப் பேசுவார்களே, ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறேன்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெருமூளை வாதம் என்றால் கைகால் விறைத்து அசையாமல் கிடப்பது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். அதில் பல வகை உண்டு. என்னுடையது அசையாமல் இருக்க முடியாத வகை. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, முறுக்கி, மறுபடி மடங்கும். மணிக்கட்டு ஒரு பக்கம் திரும்பினால் கழுத்து மறுபக்கம் திரும்பும். சில வேளை உடம்பு ஈரத்துணிபோலத் தொய்ந்து கிடக்கும், சில வேளை பூட்டிய கதவாக இறுகிக்கொள்ளும். ஒரு கோப்பையை எடுக்க வேண்டும் என்று நினைக்காதவரை கை ஓரளவு சும்மா இருக்கும். நினைத்தேனோ, தொலைந்தது. எவ்வளவு ஆசையோடு நீட்டுகிறேனோ அவ்வளவுக்கு அது விலகிப் போகும், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் போகும். நாக்கும் தாடையும் இதே கட்சிதான் என்பதால் பேச்சும் அப்படியே. அந்த வயதில் நான் சொல்வது அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் விளங்காது.

வீட்டில் இதற்குத் "துள்ளல்" என்று பெயர். "இன்னைக்குத் துள்ளல் கொறவு" என்று அம்மா சொன்னால் அது நல்ல நாள். தூங்கும்போது மட்டும் துள்ளல் அடியோடு இருக்காது. பகலில் அசந்து தூங்கும் என்னைப் பார்ப்பவர்கள் ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்றுதான் நினைப்பார்களாம். அதனால் தூரத்துச் சொந்தம் யாராவது வீட்டுக்கு வருவதாக இருந்தால், அவர்கள் வரும் நேரத்துக்கு என்னைத் தூங்கவைத்துவிட வேண்டும் என்று அப்பா படாத பாடு படுவார். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைப்பேன். கண்ணை மூடியதும் தூக்கம் வந்துவிடுமா என்ன?

நான் பிறந்து சில நாட்களில் உடம்பெல்லாம் மஞ்சளாகியிருக்கிறது. பார்க்க வந்த பெண்கள், "மஞ்ச மேனி, அம்மன் கணக்கா இருக்கா" என்று நெற்றியில் பொட்டு வைத்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது காமாலை என்றோ, அளவுக்கு மீறினால் அந்த மஞ்சள் மூளைக்குள் போய்த் தங்கிவிடும் என்றோ அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஆடித் திருவிழா நாட்களில் அம்மா என் காதில் பஞ்சை அடைத்து, கதவைச் சாத்தி, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அந்த வருடம் காப்புக் கட்டும் நாளன்று அவளுக்குக் காய்ச்சல். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இருந்த சிறிய மாரியம்மன் கோயிலுக்குப் போனார். கூட்டத்தின் முன்வரிசையில், தப்புக்காரர்களுக்கு நேரெதிரே இடம் கிடைத்தது. அடி விழுந்தது. நான் அப்பாவின் தோளிலிருந்து எகிறி, பின்னால் வளைந்து, கைகளை வீசிக் கத்தினேன். பயத்தில் கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி குலவையிட்டாள். "ஆத்தா வந்துட்டா! வழி விடுங்க, வழி விடுங்க!"

தப்புக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள், நான் இன்னும் வேகமாக ஆடினேன். மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். கண்டிக் குளிரில் அந்தத் தண்ணீர் பட்டால் யாருக்கும் நடுங்கும், எனக்குக் கேட்கவே வேண்டாம். பூசாரி என் உள்ளங்கையில் வேப்பிலைக் கொத்தை வைத்தார். இறுகிக்கொண்ட விரல்கள் அதை விடவில்லை. எனக்கு விடத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாதே, அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். "யாரு தாயி நீ? என்ன வேணும், சொல்லு" என்று பூசாரி என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். அம்மாவிடம் போக வேண்டும் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்த ஓசையைக் கேட்டுக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்றோடு அப்பாவின் நிலைமை மாறியது. அதுவரை அவர் டவுன் குப்பை அள்ளுகிறவர், அத்தோடு ஒரு நோயாளிப் பிள்ளையின் தகப்பன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஊர் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இப்போது அவர் படியில் ஏறி வந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். "ஆத்தா வீட்டு அண்ணன்" என்று பெயரே வந்துவிட்டது. அவர் எனக்கு ஒரு சிவப்புப் பட்டுப்பாவாடை வாங்கி வந்தார். செவ்வாயும் வெள்ளியும் என்னைக் கோயிலில் உட்காரவைத்துக் குறி கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் கண்மட்டத்துக்கு வந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வயதுக்கு அது நல்ல பொழுதுபோக்குத்தான்.

நான் பேசுவது யாருக்கும் விளங்காததால் பூசாரி ஓர் ஏற்பாடு செய்தார். கேள்வியைக் கேட்டுத் தப்பை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். என் கை வலப்பக்கம் வீசினால் ஆகும், இடப்பக்கம் வீசினால் ஆகாது. மகளைக் குவைத்துக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று ஒரு தாய் கேட்டாள். திகனப் பக்கம் புதுக் கடை போடலாமா என்று ஒருவர் கேட்டார். என் உடம்புக்கு இடப்பக்க இழுவை கூடுதல். ஆகவே அந்த ஆடியில் எங்கள் பகுதி மக்கள் எதைத் தொட்டாலும் ஆகாது என்றே வாக்கு வந்தது. அனுப்பச் சொல்லி அந்தத் தாயிடம் நான் வாயால் சொல்லிப் பார்த்தேன்; அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் தெளிந்து எழுந்த அம்மா இதையெல்லாம் கண்டாள். அப்பாவைவிட அவளுக்குச் சாமி பக்தி கூடுதல், அதனாலேயே அவளுக்கு இது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் என் முகத்து மஞ்சளை ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பாள்.

அந்த நாட்களில்தான் ஒரு ஆசிரியை எங்கள் வரிசைக்கு வந்தார். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். "தூக்கிட்டு வாங்கம்மா, உக்கார வைக்கிறது எங்க பொறுப்பு. அதுக்கு முன்னால ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்றார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அங்கே இருந்தது யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர். என்னை மேசையில் கிடத்தி, கைகால்களை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை நித்திரை கொள்ளேக்கையும் இப்பிடிக் கை கால் அசையுதோ?" என்று கேட்டார். "இல்லீங்க, தூங்குறப்ப அசையவே மாட்டா" என்றாள் அம்மா. டாக்டர் தலையை ஆட்டினார். மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்ப்படுத்துகிற இடம் ஒன்று உண்டென்றும், பிறந்தபோது வந்த காமாலை அந்த இடத்தைத்தான் கெடுத்திருக்கிறதென்றும், பயமும் பரபரப்பும் சத்தமும் துள்ளலைக் கூட்டுமென்றும், தூக்கம் அதை நிறுத்திவிடுமென்றும் பொறுமையாகச் சொன்னார். மாற்ற முடியாது, பழக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உம்மட அண்ணா எங்க நிக்கிறார், காட்டும் பாப்பம்" என்றார். அண்ணன் கதவோரம் நின்றான். கை எங்கோ போனது, கண் அவனிடம் போனது. "பிள்ளைக்கு எல்லாம் விளங்குது. கை சொல்லுக் கேக்குதில்லை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அம்மா அங்கேயே அழுதாள். நான் எல்லாம் விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்கு முன்பே தெரியும். இன்னொருவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. ஒருநாள் அண்ணன் சிலேட்டில் என்னவோ எழுதி அம்மாவிடம் நீட்டினான். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவன் வாயைத் திறக்கவே இல்லை. வாய் இல்லாமலே சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை அன்று கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு பட்டுப்பாவாடையின்மேல் எனக்கிருந்த ஆசை போய்விட்டது. அந்த வழியை யாராவது எனக்குச் சொல்லித்தர மாட்டார்களா என்பதே நினைப்பாக இருந்தது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி எறங்குற புள்ளைய கொண்டு போயி பள்ளிக்கூடத்து வாங்குல கட்டி வைக்கிறதா? தெய்வக் குத்தம் ஆயிரும்டி" என்றார். அவருக்கு உண்மையாகவே பயம். கையில் வந்த மரியாதை போய்விடுமே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாக்குவாதம் வரிசை முழுக்கக் கேட்டது. கடைசியில், பூக்கட்டிப் பார்ப்போம், ஆத்தாளே சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் ஆட்களுக்கு இது வழக்கம். கல்யாணம், வீடு மாறுவது, ஆப்பரேஷன் என்று முடிவெடுக்க முடியாத காரியம் எதுவானாலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வைத்து மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றும் அறியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். அன்று எடுப்பதற்கு வேறு குழந்தை தேட வேண்டியிருக்கவில்லை. அம்மனுக்கும் குழந்தைக்கும் சேர்த்து நான் ஒருத்தியே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பூசாரி இரண்டு பொட்டலங்களையும் தாம்பாளத்தில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். அவசரமாக மடித்திருந்தார் போலிருக்கிறது, வலப்பக்கத்துப் பொட்டலத்தின் மூலையில் மல்லிகை இதழின் நுனி ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது; தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தவள் நான்தானே. இதைத் தொட்டால் போதும், வாழ்நாள் முழுக்க வேறு எதையும் தொடாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வலக்கையை நீட்டினேன். அவ்வளவு ஆசைப்பட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. கை மேலே போய், காதுக்குப் பின்னால் வளைந்து, இடப்பக்கம் இறங்கி, சிவப்புப் பொட்டலத்தின்மேல் தொப்பென்று விழுந்தது. விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. குலவைச் சத்தம் எழுந்தது. நான் அழுதேன், ஆத்தாளுக்கு ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என் விரல்களைப் பிரித்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமலே தாம்பாளத்தில் போட்டாள். பூசாரி, "கை எடுத்தா எடுத்ததுதாம்மா" என்றார். அவர் கெட்டவர் அல்ல. தனக்குத் தெரிந்த முறையைச் சொன்னார். அம்மா என் முன்னால் மண்டியிட்டு, "கண்ணு, அம்மா மூக்கத் தொடு" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு, தொடத்தான் முயன்றேன். கை சுழன்று வந்து அவள் கன்னத்தில் அறைந்தது. கோயில் முழுக்கக் கேட்ட அறை. அம்மா கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "இது ஆத்தா அடிச்ச அடியா? நான் என்ன குத்தம் பண்ணேன், சொல்லுங்க" என்று பூசாரியைக் கேட்டாள், அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். "இவ கைய இவளே நம்ப மாட்டா. அத நம்பி எம்புள்ள பொழப்ப முடிவு பண்ணுவீங்களா?"

"அப்ப ஆத்தா எதுலதான் பேசுவா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ஆத்தா பேசட்டும், நான் வேணாங்கல. மொதல்ல எம்புள்ள பேசட்டும்" என்றாள் அம்மா.

அவள் என்னை மடியில் இருத்தி, என் கைகளைத் தன் கைகளால் அணைத்து இறுக்கிக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் துள்ளல் அடங்கும். "கண்ணால காட்டு. அவசரம் இல்ல, காத்திருக்கேன்" என்றாள். பூசாரி பொட்டலங்களை இரு கைகளில் ஏந்தி அகல நீட்டினார். நான் இதழ் தெரிந்த பக்கத்தைப் பார்த்தேன். பிரித்தார், வெள்ளை. சந்தேகப்பட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றி நீட்டினார். பிரித்ததை அவர் மறுபடி மடித்த லட்சணத்தில் இதழ் முன்னைவிட நன்றாகவே வெளியே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பார்த்தேன். பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா கண்ணுல வந்து நிக்கிறா! உத்தரவு குடுத்துட்டா!" என்று கத்தினார். மறுபடி குலவை. பிள்ளை பேசினாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அதைத் திருத்தப் போகவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

பள்ளிக்கூடம் கிடைத்தது. குறி சொல்வதை அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள். ஆத்தாளின் உத்தரவு என்பதால் அப்பாவும் மறுக்கவில்லை. ஆனால் அவர் படியேறும்போது ஆட்கள் எழுந்து நிற்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மறுவருட ஆடிக்குள் நின்றே போயிற்று. அவர் இழந்தது சின்ன விஷயமில்லை என்று பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கியது.

வகுப்பில் ஆசிரியை ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதிவைத்து, நான் எதைப் பார்க்கிறேன் என்று பொறுமையாகக் கவனித்துக் கவனித்துச் சொல்லித்தந்தார். நான் கண்ணால் எழுத்துக்கூட்டிச் சொன்ன முதல் சொல் "அண்ணா". அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இப்போது வலதுகைச் சுட்டுவிரலை மடக்கி அதன் மொளியால் கணினியில் தட்டுகிறேன். அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். இந்தக் கட்டுரையை முடிக்கப் பல வாரமாயிற்று.

ஆடித் திருவிழா இன்றும் நடக்கிறது. தப்புக்காரர்களோடு இப்போது பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்துவிட்டன. நான் துள்ளினால் யாரும் குலவையிடுவதில்லை. "அந்த அக்காவுக்குப் பெருமூளை வாதம்" என்று பிள்ளைகள்கூடச் சரியாகச் சொல்கிறார்கள். என் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள். பூசாரி போய்விட்டார், அப்பா போய்விட்டார். அம்மா போய் மூன்றாவது ஆடி இது.

இந்த வருடம் அண்ணன் மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். நல்லவள், என்னைத் தன் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள்கிறாள். பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டு வந்த இளைஞன் எங்களிடம் வந்ததும் நின்று, என் தலைக்கு மேலாக, "அக்காவுக்குக் குடுக்கலாமா அண்ணி?" என்று கேட்டான். "வேணாம் தம்பி, பொறை ஏறிரும்" என்றாள் அண்ணி. இருவரும் என் நன்மைக்காகத்தான் பேசினார்கள். வேணும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தாடை ஒரு பக்கம் இழுத்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து, நாக்கை இடத்தில் வைத்து, மூச்சைப் பிடித்து, சொல்லை முழுதாகச் சொல்லி முடித்தேன். தெளிவாகவே வந்தது. அவன் அடுத்த வரிசைக்குப் போயிருந்தான்.